வெளிச்சத்தை மருந்தாக்கிய நீல்ஸ் ஃபின்சன்



முகச் சிவப்புக்கும், கன்னத்தில் தெரியும் மெல்லிய ரத்தக் கோடுகளுக்கும் லேசர் வைக்கிறோம், ஒளி சிகிச்சை தருகிறோம் என்று செல்போனைத் திறந்தாலே விளம்பரம் வருகிறது. இத்தனை சிட்டிங் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி உண்டு, மாதத் தவணையும் உண்டு என்கிறார்கள். பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன், இந்த வைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பெயர் நீல்ஸ் ரூபெர்க் ஃபின்சன். 43 வயதுதான் வாழ்ந்தார். அதில் 20 வருடம் நோயாளி.

வடக்கு அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. டென்மார்க் ஆட்சிக்கு உட்பட்டது. மேகம், மழை, பனிமூட்டம் போக மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் அங்கே சூரியனைப் பார்க்கலாம். பங்குனி பிறந்தாலே குடை தேடும் நமக்கு அந்த ஊரைக் கற்பனை செய்வதே சிரமம். அங்குள்ள டோர்ஷாவ்ன் நகரில் 1860 டிசம்பர் 15 அன்று ஃபின்சன் பிறந்தார். பூர்வீகம் ஐஸ்லாந்து. அப்பா அரசு அதிகாரி, பின்னாளில் அந்தத் தீவுகளுக்கே ஆளுநர் பதவிக்கு உயர்ந்தவர். நான்கு வயதில் அம்மா போய்விட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார்.

படிப்பில் ஃபின்சன் சுமார்தான். டென்மார்க்கில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பையன் நல்லவன்தான், ஆனால் திறமையும் போதாது, சுறுசுறுப்பும் போதாது என்ற தோரணையில் அங்கிருந்த தலைமை ஆசிரியர் எழுதிவிட்டார். அப்பா 1876-ல் அவரை ஐஸ்லாந்தின் ரெய்க்ஜாவிக் நகருக்கு மாற்றினார். அங்கே 21 வயதில் பள்ளி முடித்தபோது 15 பேரில் 11-வது இடம். நம் வீட்டுப் பிள்ளை இந்த ரேங்க் வாங்கி வந்தால் டாக்டருக்குப் படிக்க வைக்கலாம் என்று யாராவது நினைப்போமா?

1882-ல் கோபன்ஹேகன் போய் மருத்துவம் சேர்ந்தார். அடுத்த வருடமே உடம்பு படுத்த ஆரம்பித்தது. கல்லீரல், மண்ணீரல், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பழுதானது. அது நீமன்-பிக் என்னும் அரிய நோய் என்று பின்னால் வந்தவர்கள் கணித்தார்கள். அன்று அதற்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. ரத்தச் சோகை, ஓயாத அசதி. குடியிருந்ததோ வடக்குப் பார்த்த வீடு, உள்ளே வெயிலே விழாது. வெயிலில் போய் உட்கார்ந்தால் உடம்புக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறதே என்று அவருக்குத் தோன்றியது. கூரைமேல் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் நகர நகரத் தானும் எழுந்து வெயிலுக்கே மாறி மாறிப் படுத்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். பூனை இருந்ததோ இல்லையோ, வெயில் உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1890-ல் டாக்டர் பட்டம் வாங்கி, மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தார். 1893-ல் அந்த வேலையையும் விட்டுவிட்டு ஒளி ஆராய்ச்சியில் இறங்கினார். அதற்கு முந்தின வருடக் கடைசியில்தான் இங்கேபோர்க் என்ற பெண்ணுடன் அவருக்குத் திருமணம் ஆகியிருந்தது. வியாதிக்காரர், புதுக் குடித்தனக்காரர், கையில் இருந்த வேலையையும் விட்டார் என்றால் அந்த வீட்டம்மாவின் மனசு எப்படி இருந்திருக்கும்!

அவர் செய்த சோதனைகளில் இரண்டை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இரண்டுமே நம் சமையலறையில் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளிமையானவை. முகச் சிவப்புக்கு ஒளி வைக்கும் இன்றைய கருவிகளைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் போதும்.

முதலாவது, மைக் கோடு. தன் முன்கையில் கறுப்பு மையால் பட்டையாக ஒரு கோடு தீட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் கையை நல்ல வெயிலில் காட்டினார். மையைக் கழுவியபோது கோட்டின் அடியில் தோல் வெள்ளையாகவே இருந்தது. இரண்டு பக்கமும் சிவந்து எரிந்தது. சில நாளில் சிவப்பு அடங்கிப் பழுப்பு நிறம் ஏறியது. இப்போது மை இல்லாமல் மறுபடி வெயிலில் காட்டினார். பழுப்பேறிய இடம் தாக்குப்பிடித்தது. முன்பு மைக்கு அடியில் இருந்த வெள்ளைப் பட்டை மட்டும் சிவந்தது. வெயிலில் தோல் சிவப்பது சூட்டினால் என்று நினைத்திருந்த காலம் அது. அது சூடு செய்கிற வேலை இல்லை, வெளிச்சத்தில் நீலம், ஊதா, அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் செய்கிற வேலை என்பது அவருக்கு உறுதியானது. கூடவே, தோலின் கருமை என்பது வெளிச்சத்தைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு திரை என்பதும் தெரிந்தது.

இரண்டாவது, காது மடல். ஒருவருடைய காது மடலுக்குப் பின்னால், வெளிச்சம் பட்டால் கறுக்கும் போட்டோ காகிதத்தை வைத்து, முன்பக்கம் நீல ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சினார். 5 நிமிடம் ஆகியும் காகிதம் கறுக்கவில்லை. பிறகு காது மடலை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். ரத்தம் ஒதுங்கி மடல் வெளுத்தது. இப்போது 20 விநாடியில் காகிதம் கறுத்துப்போனது. அதாவது வெளிச்சத்தை உள்ளே போகவிடாமல் வழியில் விழுங்குவது ரத்தம்.

இந்த இரண்டாவது சோதனையை வைத்துத்தான் ஒரு கொடிய நோயை அவர் மடக்கினார். காசநோய் நுரையீரலில்தான் வரும் என்று நினைக்கிறோம். தோலிலும் வரும். முகத்தில் வந்தால் சிவந்து தடித்து, மூக்கையும் கன்னத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். லூபஸ் வல்காரிஸ் என்பது அதன் பெயர். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். ஓநாய் கடித்தது போல முகம் ஆகிவிடும் என்பதால் வந்த பெயர் என்பார்கள். அந்நாளில் ஐரோப்பாவில் இந்த நோய் கண்டவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார்கள். சுரண்டுவதும் சுட்டுப் பொசுக்குவதும்தான் வைத்தியம். அந்த வடு, நோயை விடக் கோரமாக இருக்கும்.

1895 நவம்பரில், கோபன்ஹேகன் மின்சார நிலையத்தில் இடம் கேட்டு வாங்கி, நீல்ஸ் மோகென்சன் என்ற பொறியாளருக்கு ஃபின்சன் முதல் சிகிச்சையைத் தொடங்கினார். பல வருடமாக எந்த வைத்தியத்துக்கும் அடங்காத முகம் அது. நாள் தவறாமல் கார்பன் விளக்கின் வெளிச்சம் பாய்ச்சியதில், சில மாதங்களில் ஆறி வந்தது. மறு வருடம், 1896-ல், கோபன்ஹேகனில் ஃபின்சன் ஒளி மருத்துவ நிலையம் பிறந்தது. செல்வந்தர் சிலர் கொடுத்தார்கள், அரசும் நகராட்சியும் கைகொடுத்தன. 1901-க்குள் சுமார் 800 லூபஸ் நோயாளிகள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். பெரும்பாலோர் குணமானார்கள் அல்லது நன்றாகத் தேறினார்கள்.

சிகிச்சை நடந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் கண்கூசும் கார்பன் விளக்கு தொங்கும். அதைச் சுற்றித் தொலைநோக்கி போன்ற நான்கு குழாய்கள் கீழ்நோக்கி நீளும். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு நோயாளி படுத்திருப்பார். குழாய்க்குள் படிகக் கண்ணாடி வில்லைகள், சூட்டை உறிஞ்சிக்கொள்ளத் தண்ணீர். ஒரு நர்ஸ் சின்ன வில்லை ஒன்றை எடுத்து நோயாளியின் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காது மடலில் பார்த்தோமே, அதே போல ரத்தத்தை ஒதுக்குவதற்குத்தான். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதில் வேலை நடப்பது நாணய அளவு இடத்தில்தான். முகம் முழுக்க என்றால் எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேரும் புகழும் ஃபின்சனுக்குப் போயிற்று, நியாயம்தான். ஆனால் அந்த வில்லையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ்களை யாரும் பெரிதாக எழுதவில்லை.

இப்போது நம் விளம்பரத்துக்கு வருகிறேன். இன்று முகச் சிவப்புக்குக் காட்டும் ஒளி, ஃபின்சன் செய்ததற்கு நேர் தலைகீழ். அவர் ரத்தத்தை வழியிலிருந்து ஒதுக்கினார். இன்றைய லேசருக்கு ரத்தம்தான் குறி. அவர் சூட்டைத் தண்ணீரால் வடிகட்டினார். இன்று வேலை செய்வதே அந்தச் சூடுதான்.

ரோசேஷியா என்று ஒரு தோல் நோய். கன்னம், மூக்கு, நெற்றி, முகவாய் அடிக்கடி சிவந்து, நாளடைவில் அந்தச் சிவப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். சின்ன ரத்தக் குழாய்கள் விரிந்து வெளியே தெரியும். சிலருக்குப் பரு போன்ற கட்டிகளும் வரும். விரிந்த குழாயில் ஓடும் ரத்தம் சில குறிப்பிட்ட நிற ஒளியை நன்றாக விழுங்கும். அந்த நிறத்தில், விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் லேசரைப் பாய்ச்சினால் ரத்தம் சூடேறிக் குழாய்ச் சுவர் சுருங்கிவிடும், பக்கத்துத் தோல் தப்பித்துக்கொள்ளும். இந்தக் கணக்கை 1983-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் வகுத்தார்கள். சாய லேசர் என்பது 585 முதல் 595 நானோமீட்டர் அலைநீளத்தில், மஞ்சள் ஒளியில் வேலை செய்கிறது. ஐ.பி.எல். என்பது லேசர் இல்லை. பல நிறம் கலந்த பளிச்சென்ற வெளிச்சத்தை வடிகட்டிக் கொடுக்கும் கருவி. பொதுவாக 3 முதல் 5 சிட்டிங் தேவைப்படும், இடையில் நான்கு வாரம் போல விடுவார்கள். சிவப்பும் கோடுகளும் குறையும். ரோசேஷியா அடியோடு போய்விடாது, சில காலம் கழித்து மறுபடி தேவைப்படலாம். பரு போன்ற கட்டிகளுக்கு இதனால் பெரிய பலன் இல்லை, அதற்குப் பூசும் மருந்தும் மாத்திரையும் தனி. இதைச் சொல்லாமல் மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் யோசியுங்கள்.

மைக் கோட்டை மறந்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் தோலில் ஒளியை விழுங்க ரத்தம் மட்டுமே பெரிதாக இருக்கிறது. நம் தோலிலோ, ரத்தத்துக்கு மேலேயே இயற்கை தீட்டிய மை இருக்கிறது. குழாய்க்குப் போக வேண்டிய ஒளியை அது வழியிலேயே பிடித்துக்கொண்டு சூடாகிவிடும். அளவு தெரியாதவர் கையில் கருவி இருந்தால் கொப்புளம் வரும், பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் திட்டு நிற்கும். சிவப்புக்குப் போய்க் கறுப்பை வாங்கி வந்த கதை ஆகிவிடும். அதனால்தான் நல்ல தோல் மருத்துவர் முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பார்ப்பார், அலைநீளத்தையும் அளவையும் நம் நிறத்துக்கு மாற்றுவார், தோலைக் குளிரூட்டுவார், கண்ணுக்கு மறைப்புப் போடுவார். வெயிலில் அலைந்து கறுத்திருந்தால் தள்ளிப் போடுவார். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். ரோசேஷியாவுக்கே கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் கூடச் சிலருக்கு வெளிச்சம் தாங்காமல் செய்யும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். முகம் ஏன் சிவந்தது என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பல பெண்களுக்கு, பையன்களுக்கும்தான், முகம் சிவப்பது மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் பூசும் சிவப்பழகு கிரீமால். அதில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். பூசியதும் முகம் பளிச்சென்று தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் வெளியே தெரியும், நிறுத்தினால் எரிந்து சிவக்கும், பயந்து மறுபடி பூசுவார்கள். தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு 2018-ல் மத்திய அரசு இத்தகைய கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் டியூபைத் திருப்பி இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொன்று, லூபஸ் என்ற அதே பெயரில் வேறொரு நோய் இருக்கிறது. சொந்த உடம்பே தன்னைத் தாக்கும் நோய். மூக்கின் இரு பக்கமும் பட்டாம்பூச்சி விரித்தது போலச் சிவக்கும். அதற்கு வெயிலே ஆகாது. தொழுநோயும் சிலருக்கு முகத்தில் சிவந்த தடிப்பாகத் தொடங்கும், அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மருந்து உண்டு. இவற்றையெல்லாம் பார்லரில் பிரித்துச் சொல்ல முடியாது. 2017-ல் திறந்த நம் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போய் ஒரு சீட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு எங்கே போவது என்று முடிவு செய்யலாம்.

ஃபின்சன் எல்லாவற்றிலும் ஜெயித்தவர் என்று நினைக்க வேண்டாம். 1893-ல் அவர் முதலில் சொன்னது பெரியம்மைக்கு. அம்மை கண்டவரைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால், நீல ஊதாக் கதிர் படாமல் தழும்பு குறையும் என்றார். நார்வேயின் பெர்கன் நகரில் செய்து பார்த்து நல்ல பலன் என்றார்கள். பிறகு மற்ற இடங்களில் அது நிலைக்கவில்லை. அந்த 1893-ல் நம் சமஸ்தானத்தில் சேஷையா சாஸ்திரியின் நிர்வாகம் நடந்துகொண்டிருந்தது. இங்கேயும் அம்மை கண்டவரை வெயில் படாத அறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள், நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 1977-ல் அறிவித்தார்கள்.

அவருடைய விளக்கு ஏன் வேலை செய்தது என்பதிலும் அன்றைய விளக்கம் முழுதாகச் சரியில்லை. கிருமியைப் புற ஊதாக் கதிர் நேரடியாகக் கொல்கிறது என்று நம்பினார்கள். நூறு வருடம் கழித்து, 2005-ல், டென்மார்க் ஆய்வாளர்கள் பழைய கருவிகளை எடுத்து அளந்தபோது, அந்த வில்லைகளும் வடிகட்டிகளும் கடும் புற ஊதாவை வெளியே விடவே இல்லை என்று தெரிந்தது. காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் ஒரு வகை நிறமி நீல ஊதா ஒளியைப் பிடித்து, அதன் விளைவாகக் கிருமி அழிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. காரணம் மாறினாலும் ஆறிய முகங்கள் ஆறியவைதான்.

புகழ் வேகமாகப் பரவியது. டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட அலெக்சாண்ட்ரா, 1900-ல் லண்டன் மருத்துவமனைக்கு ஃபின்சன் விளக்கு ஒன்றை அளித்தார். அந்த மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அவருடைய சிலையின் அடியில் இந்த விளக்குச் சிகிச்சையைச் சித்திரமாகவே வடித்திருக்கிறார்கள். நம் நாட்டில் இந்த ஒளி வைத்தியத்தில் ஆர்வம் காட்டியவர் கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி. ஜாம்நகர் மகாராஜாவான அவர், பிரெஞ்சு மருத்துவர் ஜான் சைத்மனின் திட்டப்படி, சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும் சிகிச்சைக் கூடம் ஒன்றை 1930-களில் கட்டுவித்தார். இன்னும் பழைய சரக்கு ஒன்றும் நம்மிடம் உண்டு. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி கொடுத்து வெயில் காட்டும் முறை. கார்போகரிசியில் இருக்கும் சோரலன் என்ற பொருள்தான் தோலை வெளிச்சத்துக்கு இணங்க வைக்கிறது என்பது பிற்கால ஆராய்ச்சி.

1903-ல் மருத்துவ நோபல் பரிசு ஃபின்சனுக்கு, அதுவும் பங்கு இல்லாமல் தனியாகக் கிடைத்தது. டென்மார்க்குக்கு அது முதல் நோபல். ஸ்டாக்ஹோம் போய் வாங்க அவரால் முடியவில்லை. அதற்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். வயிற்றில் நீர் கோத்துக் கோத்துப் பலமுறை எடுக்க வேண்டியிருந்தது. வந்த பரிசுப் பணத்தில் பெரும்பகுதியைத் தன் ஒளி நிலையத்துக்கும், இதயம், கல்லீரல் நோயாளிகளுக்கான ஒரு மருத்துவ இல்லத்துக்கும் கொடுத்துவிட்டார். வீட்டில் சின்னஞ்சிறு குழந்தைகள் மூன்று பேர். 35 வருடம் பாங்க் கவுண்டரில் உட்கார்ந்து, மற்றவர் சேமிப்பைப் பார்த்துப் பார்த்தே பழகிய எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பதறத்தான் செய்கிறது.

அவர் போன பிறகு அந்த நிலையம் தோல் காசநோயாளிகளுக்குப் பல பத்தாண்டு காலம் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் அந்த விளக்குகளுக்கு வேலை குறைந்தது. ஃபின்சன் பெயரில் கோபன்ஹேகனில் இன்று நடப்பது புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம். அவர் இறந்த 1904-ல்தான் நம் ஊர் முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாகி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-ல்.

கடைசி வருடங்களில் ஃபின்சனுக்கு ஆராய்ச்சி செய்ய வெளியே போக முடியவில்லை. தன் உடம்பையே எடுத்துக்கொண்டார். எவ்வளவு தண்ணீர் குடித்தார், உணவில் எவ்வளவு உப்பு, எவ்வளவு வெளியேறியது, எடை என்ன என்று நாள்தோறும் அளந்து குறித்தார். வரவு அதிகம், செலவு குறைவு, மிச்சம் உடம்பிலேயே தங்கி நீராகக் கோக்கிறது என்று கணக்கில் தெரிந்தது. உப்பையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார், கொஞ்சம் தெம்பும் வந்தது. உடம்பில் உப்பு சேர்வதைப் பற்றி அவர் எழுதிய அந்தக் கட்டுரை 1904-ல் அச்சானது. அதுவே அவருடைய கடைசிக் கட்டுரை. அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று கோபன்ஹேகனில் காலமானார்.